கடிக்காத நாய்க்குப் பத்தியம்

நாய் துரத்தியது எங்கள் இரண்டு பேரையும். கடித்தது என்னை மட்டும்.

அப்போது நான் எட்டு வயதுச் சிறுமி. அவள் என் சித்தப்பா மகள், என்னைவிட ஏழு மாதம் சின்னவள். மரக்காணத்தில் எதிரெதிராக இருந்த எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வாசல். உப்பளத்து மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு செவலை நாய் ஓடிவந்தது. அங்கே கீற்று போட்டு மூடியிருந்த உப்புக் குவியல்மேல் அவள் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நானும் ஏறத்தான் பார்த்தேன். கீற்று வழுக்கி, என் கெண்டைக்கால் நாயின் வாய்க்கு வாகாகப் போய் நின்றது.

திண்டிவனத்துக்குப் பதினான்கு நாள் பஸ்ஸில் போய், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்தக் காலத்தில் நாய்க்கடி ஊசி என்றால் வயிற்றில்தான். அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாதது பத்தியம். ஊசியின் வேகம் முறிந்துவிடும் என்று சொல்லி ஒரு மண்டலத்துக்கு மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. கடலோரத்துப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டு நாள் மோர்ச் சோறும் பருப்புத் துவையலும். அவள் எதிர் வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்து, சங்கரா மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைப்பாள். வேண்டுமென்று செய்தாளா என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றுதான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி அதற்குப் பிறகும் எதுவும் நடக்கவில்லை. சித்தப்பாவுக்கு மெயின் ரோட்டில் டீக்கடை. அப்பாவுக்கு உப்பளத்தில் குத்தகைப் பாத்தி. அவள் பன்னிரண்டு வரை படித்தாள். நான் ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே தலையில் உப்புக் கூடையைத் தூக்கினேன். இருபத்து மூன்று வயதில், ஆரோவில் பக்கம் கையால் காகிதம் செய்யும் பட்டறை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அங்கே பேசியதும் நான்தான். அவள் என் முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவைத் திருகிக்கொண்டு நின்றாள். பட்டறையை நடத்திய வெள்ளைக்கார அம்மா எங்கள் கைகளைப் பிடித்துப் பார்த்தார். என் உள்ளங்கை முழுக்க உப்பு அறுத்த வெடிப்பு. ஈரக் காகிதத்தைத் தடவினால் வெடிப்பில் மாட்டிக் கிழிந்துவிடுமாம். அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே வேலை கிடைத்தது அவளுக்கு. திரும்பி வரும்போது நான்தான் அவளுக்கும் சேர்த்து பஸ் டிக்கெட் எடுத்தேன்.

சுனாமி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2006, மாசி மாதம். ஒருநாள் சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நடுவில் நின்று சொன்னாள்.

"என்னைக் கம்போடியாவுக்கு அனுப்புறாங்க. ரெண்டு மாசம். அங்க ஒரு கிராமத்துல பொம்பளைங்களுக்கு வாழநார்ல பேப்பர் செய்யக் கத்துக் குடுக்கணுமாம்."

சித்தி அழுதாள். சித்தப்பா கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக டீ கொடுத்தார். என் அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். கழிக்க வேண்டியது பக்கத்திலேயே நிற்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் அதுவரை போன தூரம் என்றால் வடக்கே ஒருமுறை சென்னை, தெற்கே பாண்டி, மேற்கே அந்தப் பதினான்கு ஊசிக்காகத் திண்டிவனம்.

போவதற்கு முன் அவள் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிகளில் நாய்க்கடி ஊசியும் ஒன்று. அந்தக் கிராமத்தில் தெருநாய் அதிகமாம், ஆஸ்பத்திரி வெகுதூரமாம். அதனால் முன்கூட்டியே மூன்று ஊசி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று. கூடவே உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டும் வேண்டும். அது இல்லாமல் டிக்கெட் போடமாட்டார்கள்.

டீக்கடையில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சு. "கடிக்கவே இல்ல, இன்னாத்துக்குப்பா ஊசி?" என்று ஒருவர் கேட்டார். "நாயி கம்போடியாவுல, ஊசி பாண்டியிலயா?" என்று இன்னொருவர். சித்தப்பா ரொம்பவும் தெரிந்தவரைப்போல, "கடிக்கப்போற நாயிக்கு இப்பவே போட்டு வைக்கிறது" என்று விளக்கம் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போகும்போது ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

எங்கள் வீட்டில் நாய்க்கடி ஊசி என்றால் அதில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஆகவே துணைக்கு என்னை அனுப்பினார்கள். அன்று உப்பு வார வேண்டிய நாள். "உப்பு நாளைக்கும் இருக்கும், தங்கச்சி கூடப் போ" என்றார் அப்பா. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு, வாந்தி வருமாம். விமானத்தில் யார் ஜன்னலைத் திறந்து விடுவார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பாண்டியில் அந்த கிளினிக் குளுகுளுவென்று இருந்தது. டாக்டர் அம்மா அவள் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு தோளுக்குக் கீழே ஊசி. வயிற்றில் இல்லை, கையில்! ஊசி நுழைந்து வெளியே வந்ததை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். எறும்பு கடித்த அளவுக்குக்கூட இருக்காது. ஆனால் அவள் கண் செருகி அப்படியே என்மேல் சாய்ந்தாள். நர்ஸும் நானும் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தோம். பதினான்கு ஊசிக்கு நான் ஒருமுறைகூட மயங்கவில்லை. அதை அங்கே யாரிடம் சொல்வது?

"பயத்துல வர்ற மயக்கம்தான், ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். நாடி பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அக்காவா? ரத்தம் கம்மியா இருக்கும்மா. இந்த மாத்திரைய தினம் ஒண்ணு குடுங்க. மீன், முட்டை, கீரை எல்லாம் நல்லா சாப்பிடச் சொல்லுங்க. இந்த ஊசிக்கு பத்தியம் ஒண்ணும் கிடையாது. ஊர்ல யாராவது சொன்னா கேக்காதீங்க. மூணாவது ஊசிக்கு வரும்போது திரும்ப டெஸ்ட் பண்ணுவேன். ரத்தம் ஏறலன்னா போகலாம்னு என்னால எழுதித் தரமுடியாது."

சரி டாக்டர் என்றேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்து தண்ணீர் குடித்தாள்.

திரும்பி வரும்போது கூனிமேடு தாண்டியதும் என்னைப் பார்த்து, "டாக்டர் இன்னா சொன்னாங்கக்கா?" என்று கேட்டாள்.

வெளியே உப்பளங்கள் வெள்ளையாகப் பின்னால் ஓடின. அந்த வெயிலில் என் அம்மா கூடை சுமந்துகொண்டிருப்பாள். நானும் அங்கே இருந்திருக்க வேண்டியவள். அவள் கையைப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த வட்டப் பிளாஸ்திரியைத் தவிர அந்தக் கையில் ஒரு கீறல் கிடையாது.

"தினம் ஒரு மாத்திர போடணுமாம்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பத்தியம் நமக்குத் தெரியாததா, நான் பாத்துக்கிறேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொய் சொல்லவில்லையே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டேன் அல்லவா, அவ்வளவு கெட்டவள் இல்லை நான் என்றும் சொல்லிக்கொண்டேன். அவள் போகக்கூடாது என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். அதை மறைத்து இன்றைக்கு எனக்கு என்ன ஆகப்போகிறது.

அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் சட்டத்தை அறிவித்தேன். மீன் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, கோழி கூடாது, கத்தரிக்காய் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. சித்திக்கு இதில் சந்தேகமே வரவில்லை. நாய்க்கடி ஊசிக்குப் பத்தியம் இல்லை என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள். சித்தப்பா மட்டும், "கடிக்காமலே போட்ட ஊசிக்குக் கூடவா?" என்று இழுத்தார். "கடி வாங்குனவங்களுக்கு நாப்பத்தெட்டு நாளு. கடி வாங்காதவங்களுக்கு இருபத்தெட்டு" என்று கணக்குச் சொன்னேன். அவ்வளவு துல்லியமாகச் சொன்னதும் அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

விடியுமுன் பாத்திக்குப் போகும் நான், அதற்கும் முன்னால் எழுந்து அவளுக்கு மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டினேன். மோர்ச் சோறு, பருப்புத் துவையல். சில நாள் மிளகு ரசம். "இந்தக் காலத்துல எந்த அக்கா இப்படி செய்வா?" என்று சித்தி ஊரெல்லாம் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டுக்கு நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வாசற்படியில் போய் உட்காருவேன். அந்த மாசியில் நெத்திலியும் சங்கராவும் கொட்டிக் கிடந்தன. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். அவள் துவையல் சோற்றைப் பிசைந்துகொண்டே, "குழம்பு வாசன தூக்குதுக்கா" என்பாள். "இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கோடி" என்பேன். சொல்லும்போது தொண்டையில் மீன் அமிர்தமாக இறங்கும்.

இரண்டாவது ஊசிக்குப் போகும்போது மட்டும் எனக்கு உதறல். டாக்டர் ஏதாவது கேட்டு வைத்தால் குட்டு உடைந்துவிடும். நல்லவேளை, அன்று டாக்டர் இல்லை, நர்ஸ்தான் போட்டாள். இந்தமுறை அவள் மயங்கவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே நர்ஸிடம், "சிஸ்டர், இந்த ஊசி போட்டா தலைக்கு ஊத்திக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டது நர்ஸை, பார்த்தது என்னை.

"தாராளமா ஊத்திக்கோங்க" என்றாள் நர்ஸ்.

அடுத்த கேள்வி மீனைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாக்கா போலாம்" என்றாள். சட்டத்தில் தலைக் குளியலை மட்டும் தளர்த்தினேன். என் காலத்து ஊசி வேறு என்று சித்தியிடம் காரணம் சொன்னேன்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. அவள் இளைக்கவில்லை. இளைக்காதது மட்டுமில்லை, கன்னம் பூசினாற்போல் ஆகியிருந்தது. என் அம்மாவே, "பத்தியத்துலகூட மூஞ்சி எப்படித் தெளிஞ்சிருக்குது பாரு, ராசிக்காரி" என்றாள். நான் பத்தியம் இருந்தபோது எனக்குப் பத்தியக்காரி முகம்தான் இருந்தது. துவையலிலும் மோரிலும் ஒருத்திக்கு மினுமினுப்பு ஏறுமானால் கடவுளுக்கும் அவள் பக்கம்தான் சாய்வு என்று நினைத்தேன். பருப்பைக் குறைத்தேன். மோரில் தண்ணீரைக் கூட்டினேன். பிறகு அதற்காகவே ஒருநாள் பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் அவளுடைய புதுப் பெட்டி. சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி. அக்கம்பக்கத்துப் பெண்கள் அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. ஊசி போட்டு முடித்ததும் டாக்டர் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார். நர்ஸ் அதை உள்ளே கொண்டுபோனாள். அந்தக் கால்மணி நேரம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. ஏறியிருக்கக்கூடாது என்று ஒரு மனசு. ஏறாமல் போனால் அது என் கையால் நடந்தது என்று இன்னொரு மனசு. நர்ஸ் நீட்டிய சீட்டைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"நல்லா ஏறியிருக்கே. அக்கா சொன்னத ஒழுங்கா கேட்டியா?"

"அக்கா சொன்னது ஒண்ணு விடாம கேட்டேன் டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் இந்தமுறை ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள். கூனிமேடு வரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏண்டி, மோர்ச் சோத்துலயா ஒனக்கு ரத்தம் ஊறிச்சி?"

அவள் சிரிக்காமல் சொன்னாள். "மதியத்துக்கு நீ கட்டிக் குடுத்த மோர்ச் சோறும் தொவையலும் ஒருநாளும் நான் துன்னதில்ல. இந்தக் கூனிமேட்டுலேர்ந்து ஒரு பாய் வீட்டு அக்கா எங்ககூட வேல செய்யுது. டெய்லி மீன் வறுத்துக் கொண்டாரும். மாத்திக்குவோம். உன் தொவையலுக்கு அங்க அவ்ளோ கிராக்கி தெரியுமா?"

"அப்போ பத்தியம் இல்லன்னு ஒனக்குத் தெரியுமா? யாரு சொன்னா?"

"டாக்டர்தான்."

"எப்போ?"

"மொத நாளே. நான் கண்ணதான் மூடிக்கினு இருந்தேன். காத மூடிக்கல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், அங்கே உப்பளத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சிக்கினேதான் இன்னா சொன்னாங்கன்னு கேட்டியா?"

"ஆமா. நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன். பஸ்ஸுல சொல்லலையா, சரி, வீட்டுக்குப் போயி சொல்லுவேன்னு பாத்தேன். அப்புறம் நாளைக்கு சொல்லுவே, நாளைக்கு சொல்லுவேன்னு…" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இருபத்தெட்டு நாளு பாத்தேங்கா."

"கேட்டிருக்கலாம்ல? சண்ட போட்டிருக்கலாம்ல?"

"சண்ட போட்டா அதோட பேச்சு வார்த்த நின்னுடும். நான் போறப்ப ஒரு ஆளு மொகத்தத் திருப்பிக்கினு நிக்கும். அதுக்கு ராத்திரியில தொவையல் சோறு எவ்ளோ மேல்."

அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருபத்தெட்டு ராத்திரி என் எதிரில் உட்கார்ந்து துவையல் சோற்றைப் பிசைய ஒருத்தியால் முடிந்திருக்கிறது. அந்தப் பொறுமையில் அரைக்கால் பங்குகூட என்னிடம் கிடையாது. உண்மையைச் சொல்லுகிறேன், வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் வந்தது. கை, படிப்பு, பெட்டி, கம்போடியா எல்லாம் போதாதென்று இதுவும் அவளுக்கே கொடுத்து வைத்திருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது, மரக்காணத்தில் இறங்கி நடக்கும்போது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கினேன். வீட்டுக்குப் போய் நானே ஆய்ந்து, புளியை அளவாகக் கரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். பத்தியம் முடிந்தது என்று சித்தியிடம் சொன்னேன். அவளை எதிர் வாசற்படியில் உட்காரவைத்து நானே பரிமாறினேன். பெரிய துண்டாகப் பார்த்து இரண்டு போட்டேன். எனக்கு வெறும் மோர்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு என் படியில் உட்கார்ந்தேன்.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உனக்கு மீன் எங்க?"

"நான் பத்தியம்" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

"நீ போயிட்டு வர்ற வரிக்கும்."

அவள் ஒரு துண்டு மீனை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வைத்தாள். கடைசி முள்ளையும் எடுத்த பிறகு எழுந்து வாசலைத் தாண்டி வந்து, அதை என் தட்டில் வைத்தாள்.

"பத்தியம் ஒண்ணும் கிடையாதுன்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள். "சாப்புடு."